கரி வாயுவில் ஓடிய வெல்டிங் செட்

போன மாதம் விழுப்புரத்தில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர்கள் சிலர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாருக்கும் என் பிள்ளைகள் வயது. அவர்களில் ஒருவர் புதிதாக டிரான்ஸ்பார்மர் செட் வாங்கியிருக்கிறார். கம்பியை மெயினில் கொடுத்துவிட்டு ராடைத் தட்டினால் வேலை ஆரம்பம் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"ஐயா, யுத்தம் முடிஞ்ச புதுசுல திண்டிவனத்துல பாதித் தெருவுக்குக் கரண்டே கிடையாதுன்றாங்க. நீங்க எப்படி வீட்ல கரண்ட் வெல்டிங் பண்ணிக்கினு இருந்தீங்க?"

"கரியை எரிச்சு" என்றேன்.

சிரித்தார்கள். கிழவன் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் நான் சொன்னது உண்மை. அதை விவரமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் திண்டிவனத்துக்கு வடக்கே ஒரு சேரியில் பிறந்தவன். எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவார்கள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அந்தக் கோயில் சாமியார் எழுதிக் கொடுத்த சிபாரிசில் முப்பதுகளின் நடுவில் விழுப்புரம் ரயில் ஷெட்டில் இஞ்சின் துடைக்கும் வேலை கிடைத்தது. சில வருஷம் துடைத்தேன். பிறகு வெல்டிங் பக்கம் மாற்றினார்கள். ராடு எடுத்துக் கொடுப்பது, வேலை முடிந்ததும் மேலே படிந்த கசடைத் தட்டி எடுப்பது என்று ஆரம்பித்து, யுத்த காலத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோது ராடைப் பிடிக்கும் ஹோல்டர் என் கைக்கு வந்தது. படித்த காலம் அவ்வளவுதான்.

எங்கள் ஃபோர்மன் பெரேரா துரை. சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். எங்களோடு பேசிப் பேசி ஷெட்டுத் தமிழ் அவருக்கு நன்றாக வரும். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால், "இன்னா பண்ணப் போறே, சொல்லு" என்பார். எங்கே முதலில் வைப்பேன், எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே நிறுத்துவேன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நடுவில் தடுமாறினால், "போய் டீ குடிச்சிட்டு வந்து சொல்லு" என்பார். முடித்த வேலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போவார். இல்லையென்றால் அந்தச் சாமானைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். ஏன் என்று நாமாகப் போய்க் கேட்டால் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். கேட்காதவனுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்.

யுத்தம் முடிந்ததும் வெல்டிங் ஆட்களைத் திருச்சிப் பக்கத்துப் பெரிய ஒர்க் ஷாப்புக்கு மாற்றினார்கள். என் மனைவி லூர்துவின் அம்மா திண்டிவனத்தில் பக்கவாதத்தில் படுத்திருந்தார். லூர்துவுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. அவளை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் போக மனம் வரவில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பெரேரா துரை தடுக்கவில்லை. "கைத்தொழில விட்றாதே சவரி" என்று மட்டும் சொன்னார்.

அப்போது பட்டாளத்தார் மிச்சம் விட்டுப் போன சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னைப் பட்டணத்துப் பக்கம் ஒரு களத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஒரு வெல்டிங் செட்டை எடுத்தேன். இஞ்சினும் ஜெனரேட்டரும் சேர்ந்த செட் அது. இஞ்சின் ஓடி அதன் சக்தியில் ஜெனரேட்டர் சுற்றினால் வெல்டிங்குக்கு வேண்டிய கரண்ட் வரும். இஞ்சின் வெடித்துப் போயிருந்தது. அதனால்தான் என்னைப் போன்றவனுக்குக் கிடைத்தது. ஜெனரேட்டர் மட்டும் நல்லபடியாக இருந்தது. உள்ளே எலி கூடு கட்டியிருந்தது.

மாட்டு வண்டியில் வந்திறங்கிய அதை லூர்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது சுத்தணும்னா இன்னா வேணும்?"

"ஒரு இஞ்சின் வேணும்."

"இஞ்சினுக்கு?"

"பெட்ரோல் வேணும்."

பெட்ரோல் அப்போது ரேஷனில் இருந்தது. பஸ்காரர்களுக்கே போதவில்லை. யுத்தம் நடந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து பஸ்களெல்லாம் பின்னால் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கட்டிக்கொண்டு ஓடின. டிரம்முக்குள் அடுப்புக் கரி எரியும். அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியாக இஞ்சினுக்குக் கொடுப்பார்கள். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். ரேஷன் கொஞ்சம் தளர்ந்ததும் பஸ் முதலாளிகள் அந்த டிரம்மைக் கழற்றி எறியத் தொடங்கியிருந்தார்கள். கூட்டேரிப்பட்டில் ஒரு பஸ் ஷெட்டின் பின்பக்கம் அப்படி ஒன்று கிடந்தது. பக்கத்திலேயே பழைய லாரி இஞ்சின் ஒன்றும் கிடந்தது. அந்த முதலாளியின் பஸ்களுக்குச் சேசிஸ் ஒட்டித் தருவதாகச் சொல்லி இரண்டையும் வாங்கிவந்தேன்.

வீட்டுப் பின்புறம் நாலு கம்பம் நட்டுக் கீற்று வேய்ந்தேன். சுவர் வைக்கவில்லை. கரி வாயு வாசனை காட்டாமலே ஆளைச் சாய்த்துவிடும், காற்றாடுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். இஞ்சினையும் ஜெனரேட்டரையும் இரண்டு கனமான கட்டைகள் மேல் ஏற்றி, லாரி டயரில் வெட்டிய ரப்பர் துண்டுகளை வைத்து இரண்டு அச்சையும் இணைத்தேன். அச்சு நேருக்கு நேர் நிற்க, தகரத் துண்டுகளை அடியில் சொருகிச் சொருகிப் பார்த்ததிலேயே ஒரு வாரம் போனது.

இஞ்சின் கிளம்பியது. ஜெனரேட்டர் சுற்றியது. ஆனால் கரண்ட் வரவில்லை. பொட்டுக் கூட இல்லை. கம்பிகளை எல்லாம் சோதித்தேன், எதுவும் அறுந்திருக்கவில்லை. பிறகுதான் ஷெட்டில் ஒரு முறை பெரேரா துரை செய்தது ஞாபகம் வந்தது. ரொம்ப நாள் சும்மா கிடந்த ஜெனரேட்டர் தன்னிடம் மிச்சமிருக்கும் காந்தத்தை இழந்துவிடும். அது இல்லாமல் கரண்ட் பிறக்காது. ஒரு பஸ் பேட்டரியை இரவல் வாங்கிவந்து, உள்ளே காந்தம் உண்டாக்கும் சுருளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்து எடுத்தேன். மறுபடி சுற்றவிட்டதும் உயிர் வந்துவிட்டது. ஒரு பழைய மண்வெட்டியில் ராடைத் தட்டினேன். நெருப்பு பற்றியது. பற்றிய உடனே இஞ்சின் முனகி அடங்கி, நெருப்பும் அணைந்துபோனது.

காரணம் புரிய நேரமாகவில்லை. ராடு பற்றியதும் ஜெனரேட்டருக்குப் பாரம் ஏறும். இஞ்சின் வேகம் குறையும். வெல்டிங் செட்டுக்கென்று செய்த இஞ்சினில் கவர்னர் என்று ஒரு உறுப்பு இருக்கும். பாரம் ஏறினால் அது தானாகவே வாயுவைக் கூட்டிக் கொடுத்து வேகத்தைப் பிடித்து நிறுத்தும். லாரி இஞ்சினில் அது கிடையாது, டிரைவரின் கால்தான் அந்த வேலையைச் செய்யும்.

"நம்ம இஞ்சினுக்குக் கவர்னர் இல்ல" என்றேன் லூர்துவிடம்.

"கவர்னரு பட்டணத்துல இல்ல கீறாரு? அவரு எதுக்கு நம்ம வூட்டுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சத்தம் கொறைஞ்சா இத இழுக்கணும், ஜாஸ்தியானா வுடணும். அவ்ளோதானே?" என்று வாயு வால்வின் நெம்புகோலைப் பிடித்தாள். அவ்வளவுதான் என்றேன். உண்மையில் அது அவ்வளவு சுலபம் இல்லை. முதல் வாரம் முழுக்க அவள் இழுத்தது ஒரு மூச்சு பிந்தியது, விட்டது ஒரு மூச்சு முந்தியது. பிறகு ஒருநாள் நான் ராடைத் தட்டுவதற்கும் அவள் கை அசைவதற்கும் இடைவெளியே இல்லாமல் போனது. எப்படி என்று கேட்டேன். "நீங்க தட்டறதுக்கு முன்ன மூச்ச இழுத்துப் பிடிப்பீங்க. அது கேக்குது" என்றாள். அன்றிலிருந்து தெருவில் அவள் பெயர் கவர்னரம்மா.

செட்டைப் பராமரிக்கும் பாதி வேலையும் அவள் கையில்தான் இருந்தது. ஜெனரேட்டருக்குள் செம்புப் பட்டைகள் மேல் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டை கறுத்தால் கரண்ட் சரியாக வராது. உலர்ந்த கதர்த் துணியால் துடைப்பாள். ரொம்பக் கறுத்தால் கண்ணாடித்தூள் காகிதத்தால் லேசாகத் தேய்ப்போம். எமரி காகிதம் கூடவே கூடாது, அதன் பொடி கரண்டைக் கடத்தும். ஐப்பசி மழையில் சுருள் ஈரம் குடிக்காமல் இருக்க, ஓட்டாத நேரத்தில் ஜெனரேட்டரின் மூடிக்குள் ஒரு அரிக்கேன் விளக்கைச் சிறியதாக ஏற்றி வைப்பாள். ராடுகளையும் ஈரம் கெடுக்கும். கேப்பை அடை சுட்ட பிறகு சூடு இறங்காத கல்லின் மேல் அவற்றை வரிசையாக அடுக்கிக் காயவைப்பாள். "உங்க ராடு வாசனை அடையில ஏறுது" என்பது அவள் குறை. ஏறத்தான் ஏறியது.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு கோடையில் தனகோட்டி அம்மாள் வந்தார்.

ஓமந்தூர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்திருந்த குடும்பம். புருஷன் தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிணற்றில் ஆயில் இஞ்சின் வைத்து நெல் நட்டிருந்தார். இஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்த் தொட்டி வற்றிப்போய்க் கொதித்துக் கிடந்தபோது யாரோ பதற்றத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். சிலிண்டரின் வெளிச்சுவர் ஒரு சாண் நீளத்துக்கு விரிந்துவிட்டது. அந்தச் சிலிண்டரைக் கழற்றி வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"புதுசு சீமையிலேர்ந்து வரணுமாம். எப்ப வரும்னு தெரியாதுன்றான். பயிரு நிக்குதுப்பா. என் கொழுந்தனாரு, நிலத்த எங்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருன்றாரு" என்றார். அழவில்லை. வெயிலில் நின்றபடியே சொன்னார்.

வார்ப்பு இரும்பு வெல்டர்களுக்குப் பொல்லாத இரும்பு. ஒரு இடத்தில் மட்டும் சூடேறினால் பக்கத்து இடம் இழுபட்டு உடையும். அதனால் முழுச் சாமானையும் கரி நெருப்பில் சூடாக்கி, அந்தச் சூடு ஆறாமல் ஒரே மூச்சில் ஒட்டி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுவது நான் ஷெட்டில் பார்த்த முறை. அதன்படியே செய்தேன். விரிசலை உளியால் வாய்க்கால் மாதிரி வெட்டினேன். தரையில் குழி பறித்து நெருப்பு மூட்டி சிலிண்டரைச் சூடாக்கினோம். லூர்து நெம்புகோலில் உட்கார்ந்தாள். பாதி நீளம் ஒட்டியிருப்பேன். இஞ்சின் நின்றுவிட்டது.

திரும்பக் கிளப்பக் கிளப்ப அது கிளம்பவில்லை. சிலிண்டர் ஆறிக்கொண்டே வந்தது. சாம்பலை வாரி மூடினோம். கொஞ்ச நேரத்தில் சாம்பலுக்குள்ளிருந்து சுண்டுவிரலால் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது. எனக்கு அதன் அர்த்தம் தெரியும். தனகோட்டி அம்மாளுக்கும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. விரிசல் முன்னைவிட இரண்டு விரற்கடை நீண்டிருந்தது.

லூர்து நெம்புகோலை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான்தான் வுட்டுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தனகோட்டி அம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்த செம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது. "குடிக்கத் தண்ணி குடும்மா" என்று கேட்டார். லூர்து என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக் குடத்தில் அந்த ஜாதியார் யாரும் அதுவரை குடித்ததில்லை. அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "மறுபடி பார்க்கலாம். நான் எங்கயும் போகல" என்றார்.

மறுநாள் விழுப்புரம் போய்ப் பெரேரா துரையைப் பார்த்தேன். அவருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. கண்ணிலும் பூ விழ ஆரம்பித்திருந்தது. நான் சொன்னதை எல்லாம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்து மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

சிலிண்டரைத் தொடவேயில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு லூர்து முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, இஞ்சின் நிக்கறதுக்கு முன்ன உனக்கு இன்னா கேட்டுது?"

அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னாள்: "இருமல் மாதிரி வந்துச்சுங்க. ரெண்டு மூணு தரம். நான் இழுத்துப் பாத்தேன், சத்தம் ஏறல. அப்புறம் அடங்கிடுச்சு."

"இழுத்தும் ஏறலியா? அப்போ கை மேல தப்பு இல்ல. வாயு வரல." எழுந்து போய்க் கரி மூட்டையைக் கிளறினார். மேலே காய்ந்திருந்தது. அடியில் இருந்த கரியை எடுத்து உள்ளங்கையில் அழுத்தினார். ஈரம். எடை கூடுவதற்காக விற்றவன் தண்ணீர் தெளித்திருக்கிறான். அந்த ஈரம் போய் வாயு வடிகட்டும் தேங்காய் நாரை அடைத்துவிட்டது.

லூர்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவருக்கும் சேர்த்துச் சோறு வைத்தாள்.

சாப்பிட்ட பிறகு என்னிடம், "இன்னா பண்ணப் போறே, சொல்லு" என்றார். நல்ல கரி வாங்கி மறுபடி சூடாக்கி ஒட்டுவேன் என்றேன்.

"கரி நல்லா இருக்கும். வேற ஏதாச்சும் நிக்கும். இது லாரி இஞ்சின். நடுவுல நின்னாக்கூட கெடாத மாதிரி வேலை இருக்கணும். சூடே ஏத்தாதே."

பிறகு அந்த முறையைச் சொன்னார். வெட்டிய வாய்க்காலின் இரண்டு கரையிலும் சின்னச் சின்னத் துளை போட்டு மரை வெட்டி, எஃகுத் திருகாணிகளை இறுக்கித் தலையை அறுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் முதலில் ஒட்ட வேண்டும். பிறகு ஆணிக்கு ஆணி பாலம் போட வேண்டும். ஒரு தரத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் கூடாது. ஒட்டியதும் சூட்டோடு சூடாக உருண்டைத் தலைச் சுத்தியலால் பொடிப் பொடியாகத் தட்ட வேண்டும், அப்போதுதான் இழுப்பு தளரும். அப்புறம் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வைக்க முடியாவிட்டால் காத்திருக்க வேண்டும். அடுத்த அங்குலம் பக்கத்தில் இல்லாமல் தள்ளி வேறிடத்தில் வைக்க வேண்டும்.

"உனக்குக் கண்ணுல கறுப்புக் கண்ணாடி. அம்மா கையாட்டினா தெரியாது" என்று சொல்லி ஒரு சணல் கயிற்றை என் இடது முழங்கையில் கட்டி மறு முனையை லூர்துவிடம் கொடுத்தார். "அம்மா, இருமல் கேட்டா உடனே இழு. சவரி ராடை எடுத்துடுவான். அவன் எடுக்கலன்னா பலமா இழு."

அன்று மத்தியானம் நான் ஒட்டினேன், எங்கள் ஃபோர்மன் எனக்கு உதவியாளாகக் குந்தி உட்கார்ந்து சுத்தியலால் தட்டினார். மங்கிய கண்ணோடு தட்டினாலும் ஒரு அடிகூடத் தவறி விழவில்லை. அன்றைக்கும் வந்திருந்த தனகோட்டி அம்மாள் விசிறியால் எங்கள் இருவருக்கும் வீசிக்கொண்டிருந்தார். லூர்து இரண்டு தரம் கயிற்றை இழுத்தாள். இரண்டு தரமும் ராடை எடுத்தேன். எடுத்த பிறகுதான் என் காதுக்கு இருமல் கேட்டது. நாரை மாற்றிவிட்டுத் தொடர்ந்தோம். சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்கால ரயிலுக்கு அவர் கிளம்பிவிட்டார். வேலை கால்வாசிதான் ஆகியிருந்தது. போகும்போது ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஒன்றும் சொல்லாமல் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

மீதியை அந்த வாரம் முழுக்க நாங்களே முடித்தோம். சுத்தியல் வேலையைத் தனகோட்டி அம்மாள் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தட்டியதும் தன் உள்ளங்கையையே வைத்துப் பார்த்து, "இன்னும் சுடுது, இரு" என்பார். முடிந்ததும் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, உள்ளே கிருஷ்ணாயிலை ஊற்றினேன். எங்கேயாவது ஊசிமுனை வழி இருந்தால் சுண்ணாம்பில் ஈரம் தெரியும். ஒரு மூலையில் தெரிந்தது. அங்கே மட்டும் வெட்டி மறுபடி ஒட்டினோம். அடுத்த தரம் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது.

நானும் லூர்துவும் வண்டியிலேயே போய்ச் சிலிண்டரை மாட்டிக் கொடுத்தோம். மேட்டுக் கழனிப் பயிர் அதற்குள் கருகிவிட்டது, அதை மீட்க முடியவில்லை. பள்ளத்தில் இருந்தது பிழைத்தது. தண்ணீர் குழாயில் வந்தபோது தனகோட்டி அம்மாள் இஞ்சினைப் பார்க்கவில்லை. வாய்க்காலோடு தண்ணீருக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். நிலத்தை அவர் கொடுக்கவில்லை. அந்த இஞ்சின் நான் அறிந்து பல வருஷம் ஓடியது.

பெரேரா துரை அடுத்த வருஷம் ஓய்வு பெற்று, மகளோடு கப்பலேறிப் போய்விட்டார்.

நாற்பதுகள் முடிகிற சமயத்தில் எங்கள் தெருவுக்கும் பெரிய மோட்டார் ஓடுகிற கரண்ட் வந்தது. லாரி இஞ்சினையும் கரி டிரம்மையும் கழற்றிவிட்டு மோட்டாரை ஜெனரேட்டரோடு இணைத்தேன். சுவிட்சைப் போட்டதும் செட் ஒரே சீராக இரைந்தது. ராடைத் தட்டினேன். வேகம் இம்மி குறையவில்லை.

அந்தச் சத்தம் கேட்டு லூர்து ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்தாள். வழக்கமாக உட்காரும் இடத்தில் இப்போது மோட்டார் இருந்தது.

"இதுக்கு நான் வாணாமா?"

"வாணாம். அதுவே பாத்துக்கும்."

கொஞ்ச நேரம் நின்றாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவள் அப்படி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றைத் தீர்மானிப்பதற்கு முன்னால் நிற்கிற நிலை அது. நான் அவளுக்கு இனிமேலாவது ஓய்வு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அப்போ அத இப்படிக் குடுங்க" என்றாள்.

கசடு தட்டும் சுத்தியலைக் கேட்கிறாள் என்று நினைத்து நீட்டினேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் மற்ற கையிலிருந்த ஹோல்டரைப் பிடித்தாள். புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டை முகத்துக்கு நேரே பிடித்தாள். முதல் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கிக் கொடுத்தேன். இரண்டாவதும் ஒட்டியது. எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்லக் குனிந்தேன்.

"நீங்க சும்மா இருங்க. அது எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியும்."

மூன்றாவது ராடு பற்றியது. கொஞ்சம் திணறியது, உயர்ந்தது, தாழ்ந்தது, பிறகு சத்தம் ஒரு நிலைக்கு வந்து அங்கேயே நின்றது. ராடு தீரும்வரை நின்றது. ஷீல்டை இறக்கினாள். முகமெல்லாம் வியர்வை. ஒட்டிய கோடு கோணல்மாணலாகப் போயிருந்தது, ஆனால் எங்கேயும் அறுபடவில்லை. அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடுங்க."

கொடுத்தேன்.